கம்ப்யூட்டர் தேடிய வீடு

கண்ணுகளா, வெப்சைட் என்றால் யாரோ உட்கார்ந்து பக்கம் பக்கமாக வரைந்து வைப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் நம் கிரைண்டர் பட்டறைக்கு உங்கள் மாமன் ஒன்று செய்து கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எழுத்தும் படமும் பகுதிக்கு ஒன்றாகத் தனித்தனி ஃபோல்டர்களில் கிடக்கும். அதற்கு சோர்ஸ் என்று பெயர். கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து 'பில்ட்' என்று கட்டளை அடித்தால், ஒரு கருவி எல்லா ஃபோல்டரையும் வாசித்துப் பக்கங்களாக்கி, ஒன்றாக இணைத்துத் தந்துவிடும். அமுக்கப் பட்டன் எதுவும் கிடையாது. வரி வரியாக அது ஓடுவதைப் பார்ப்பதற்காகவே, எதையும் மாற்றாமல் சும்மா அடித்துப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கடை, பட்டறை என்று இரண்டு பகுதிதான். மூன்றாவதை உங்கள் அம்மா எழுதினாள். வீட்டிலேயே சரிசெய்துகொள்ளக்கூடிய சின்னப் பழுதுகள் பற்றியது. கிணத்துக்கடவில் ஒரு கடைக்காரர், "ரிப்பேர்னா எல்லாரும் எங்கிட்டத்தான் வந்து நிப்பாங்க. அவங்களே படிச்சுச் சரிபண்ற மாதிரி இருந்தாத்தான் உங்க கிரைண்டரைக் கடையில விக்க வெப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவரிடம் காட்டத்தான் அன்றைக்கு அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

நான் கட்டளையை அடித்தேன். கடை முடிந்தது, பட்டறை முடிந்தது. அப்புறம் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றுவிட்டது. மூன்றாவது பகுதியின் ஃபோல்டர் இல்லையாம். ஒரு பகுதி கிடைக்காவிட்டால் மொத்த சைட்டும் வராது.

பெங்களூரில் இருக்கும் உங்கள் மாமனுக்கு போன் போட்டேன்.

"ஃபோல்டருக்கு என்ன பேரு வெச்சீங்க மச்சான்?"

"நீ சொன்னதுதான். ஊடு."

"ஊடுதானுங்க. அப்பறம் ஏன் வரலை?"

"அதைக் கேக்கத்தான கூப்பிட்டேன்."

"மரியாதையா ஒரு 'ங்க' சேத்து அடிச்சுப்போட்டீங்களா?"

"ஏனுங்க, அவங்கூட வாயடிச்சுட்டு இருந்தா பஸ் போயிரும்" என்றாள் உங்கள் அம்மா.

சிவப்பு வரியில் இருக்கும் பெயரை ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாகப் படிக்கச் சொன்னான். "வி, இ, இ, டி, யு" என்று படித்தேன்.

"நீங்க என்ன அடிச்சீங்க?"

"ஓ, ஓ, டி, யு."

சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. வாயால் சொல்லும்போது அவனும் ஊடு என்றுதான் சொன்னான். ஆனால் எந்தெந்த ஃபோல்டரை எடுக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் அமைப்புகள் ஃபைலில் எழுதும்போது வீடு என்று எழுதியிருக்கிறான். நான் காதில் விழுந்ததை அப்படியே அடித்திருக்கிறேன். நமக்கு இரண்டும் ஒன்று, கருவிக்கு இல்லை.

"இதுல எதை மாத்தோணும்?"

"எதை வேணாலும் மாத்துங்க. ரெண்டு இடத்துலயும் ஒண்ணா இருந்தாப் போதும்."

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதே அதற்கு வேண்டாமா? "பூசணின்னு வெச்சாக்கூட கட்டிருமா?" என்று கேட்டேன்.

"கட்டிருமுங்க. ரெண்டு பக்கமும் பூசணியா இருக்கோணும், அவ்வளவுதான்."

"நல்லா வெப்பீங்க. ராவும் பகலும் நான் எழுதினதைப் பூசணிக்குள்ள போடறதா? வீடுன்னே மாத்துங்க" என்றாள் உங்கள் அம்மா.

மாற்றினேன். இந்த முறை மூன்று பகுதியும் ஓடி முடிந்தன. அதே ஜன்னலில் இன்னொரு கட்டளை அடித்து இணையத்தில் ஏற்றினேன். தன் போனில் பக்கம் திறக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் கடையிலிருந்தே கூப்பிட்டாள்.

"படிச்சாரா?" என்றேன்.

"படிச்சுட்டே இருக்காருங்க. எம்போனை வாங்கிட்டு உள்ள போயிட்டாரு. ரிப்பேருக்கு வந்த, பெல்ட் தளர்ந்துபோன கிரைண்டர் ஒண்ணு கெடக்குது. நான் எழுதினதைப் பாத்துப் பாத்து இறுக்கிட்டிருக்காரு. அவர் கடைப் பையன் போன்லதான் பேசறேன்."

"சுத்துதா?"

"இருங்க."

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கூடவே கல் உருளும் சத்தமும் வந்தது. தூரத்தில் அந்தக் கடைக்காரர் ஏதோ சொன்னார்.

"நம்ம கிரைண்டரை எங்க வெக்கறதுன்னு கேக்கறாருங்க" என்றாள்.