எட்டைத் திருப்பிக் கொடுத்தவர்

ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் முருகன். "அண்ணே, எட்டு வாத்தியாரு போயிட்டாகண்ணே," என்றார். மருந்து மிஷினை நிறுத்திவிட்டுப் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செல்லப்பாண்டி என்றால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. எட்டு வாத்தியார் என்றால் தெரியும். அனுமந்தன்பட்டிக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், பட்டிமன்றப் பேச்சாளர். மேடையில் நானும் அவரும் எப்போதும் எதிரெதிர் அணி. இறங்கியதும் ஒரே வண்டியில் ஏறி, மிச்சச் சண்டையைப் போட்டுக்கொண்டே ஊர் திரும்புவோம்.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். "நம்ம எட்டத்தான் வெள்ளைக்காரன் எயிட்டுன்னு தூக்கிட்டுப் போயிட்டான். அவன் எண்ணக் கத்துக்கிட்டதே நம்மகிட்டத்தான்யா!" என்பார். விசில் பறக்கும். அடுத்துப் பேச எழும் என் பாடு திண்டாட்டம்தான். அந்த ஒரு வரிக்காகவே அவரைக் கூப்பிட்ட ஊர்கள் உண்டு.

ஒருநாள் மொபெட்டில் தோட்டத்துக்கே வந்து நின்றார். பேச்சுக்குப் புது உதாரணம் தேடி, சொற்களின் பிறப்பைச் சொல்லும் தடித்த ஆங்கில அகராதி ஒன்றை வாங்கியிருந்தார். "தம்பி, எட்டு போச்சு," என்றார். எயிட் என்று எழுதும்போது நடுவில் சும்மா கிடக்கும் ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து ஒலித்தவையாம். ஜெர்மன்காரர் அந்த ஓசையை இன்னும் விடவில்லை. லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நம் எட்டு வேறு வீடு. பொருளும் ஒன்றாகி ஓசையும் கிட்டத்தில் வந்ததால் நாமாகச் சொந்தம் கொண்டாடிவிட்டோம்.

"இங்கன யாருண்ணே அதத் தேடிப் பாக்கப் போறாக?" என்றேன்.

"நான் பாத்துட்டேன்ல?"

அந்த வரி போனால் அவருடைய மேடையும் போய்விடுமே என்று எனக்குப் பயம். அவருக்கு இல்லை.

அடுத்த பட்டிமன்றம் கோம்பையில். எடுத்த எடுப்பிலேயே, "போன வருசம் இதே மேடையில எட்டப் பத்திச் சொன்னேன். அது தப்பு. எயிட்டு அவுக சொல்லுதான். சுருட்டு செரூட்டானதும் கட்டுமரம் கேட்டமரான் ஆனதும்தான் நெசமாவே நம்மகிட்ட இருந்து போனது. தட்டுறதா இருந்தா அதுக்குத் தட்டுங்க," என்றார். ஒருவரும் தட்டவில்லை. "உக்காருங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தீர்ப்பு என் அணிக்கு வந்தது. அப்படியொரு ருசியில்லாத வெற்றியை நான் கண்டதில்லை.

இறங்கியதும் விழாக் குழுத் தலைவர் பிடித்துக்கொண்டார். "சனம் சந்தோசமா இருந்தாக. எதுக்கு சார் இந்த வேல?"

"நம்ம ஆத்தாளுக்கு இருக்குற நகையே போதும்யா. இரவல் நகை எதுக்கு?"

மறுவருடம் கோம்பையில் அவரைக் கூப்பிடவில்லை. ஆனாலும் வந்தார். கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து, என் பேச்சுக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு வேறு ஊர்கள் அவரைக் கூப்பிட்டன. கொஞ்சம் குறைவாக, ஆனால் மரியாதையாக.

துக்கத்துக்குப் போனபோது, அனுமந்தன்பட்டியில் அவர் வீட்டு வாசலில் அதே கோம்பைக் குழுத் தலைவரைப் பார்த்தேன். மாலையைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பல்லாம் எங்க ஊர்ல யாரு மேடையில என்ன சொன்னாலும், 'நெசமா?'ன்னு கேக்குறாகண்ணே. இவுக பண்ணிவிட்ட வேல," என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். நிச்சயம் கைதட்டு விழும் என்று தெரிந்த வரியிடம்தான் அதை முதலில் கேட்கிறேன். கேட்கத் தொடங்கியதிலிருந்து என் வரிகளில் சில போய்விட்டன. பேச்சு இளைத்திருக்கிறது. மேடையேற எனக்குப் பயமில்லை.