அடிக்கடி கைதான சாவியக்கா

தொலைக்காட்சி முதன்முதலாகச் சாவியக்காவைக் கைது செய்தபோது அவள் வீட்டில் சம்மணமிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் பச்சைப் பையோடு, இரண்டு பெண் போலீசுக்கு நடுவே படியிறங்கி வந்தாள். முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். டமடமவென்று மேளம். "வீடு புகுந்து கொள்ளையடித்த பெண் சிக்கினார்!" என்று அறிவிப்பாளர் அலறினார்.

"ஏய், இது உன் நடை மாதிரி இருக்கே!" என்றார் பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர்.

"மாதிரி என்ன மாதிரி? நானேதான்! அது என் பச்சைப் பைங்க!"

நடந்தது இவ்வளவுதான். ஒரு மாடி வீட்டில் திருடிய எவனோ அறையைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டான். கதவைத் திறக்கப் போலீஸ், பூட்டுச் சாவி வேலை செய்யும் சாவியக்காவைக் கூப்பிட்டது. தூசிக்குப் பயந்து முக்காடு போட்டிருந்தாள். வேலை முடிந்து போலீஸ்காரிகளோடு பேசியபடி இறங்கியதைக் கேமரா பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சி அலுவலகத்தில் ஒரு மகாராசன் அந்தக் காட்சிக்குப் 'பெண் திருடி' என்று பெயர் வைத்துக் கணினியில் போட்டுவிட்டான். அதற்கப்புறம் ஊரின் எந்த மூலையில் எந்தப் பெண் எதைத் திருடினாலும், படம் வெட்டி ஒட்டுகிறவர்கள் அந்த இரண்டு வார்த்தையைத் தட்டுவார்கள், சாவியக்கா படியிறங்குவாள். நகை திருடினாள், குழந்தை கடத்தினாள், ஒரு வங்கியையே ஏமாற்றினாள். "இத்தனைக்கும் உனக்கு எப்படி நேரம் கிடைக்குது?" என்று கணவர் கிண்டலடித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி வரும்? பூட்டுத் திறக்கிறவளுக்கு நம்பிக்கைதானே முதல். இதில் கூத்து என்னவென்றால், அந்தக் குற்றச் செய்தி நிகழ்ச்சியைப் பார்த்து மிரண்டுபோன ஜனம் கதவுக்கு மூன்று பூட்டு வாங்கியது. இரும்புக் கடையில் நிற்க இடமில்லை. ஊரையே பயமுறுத்திப் பூட்டு வாங்க வைத்தவள் இவள்; அதை மாட்டித் தரத்தான் இவளைக் கூப்பிட ஆளில்லை. வருஷக்கணக்கில் வேலை கொடுத்த ஒரு டீச்சரம்மா கதவை விரல் அளவுக்குத் திறந்து, "தப்பா நினைக்காதம்மா, வேற ஆள் வந்து பாத்துட்டாரு" என்றாள். சாவியக்கா தெருமுனைவரை நடந்து, அங்கே நின்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நேராகத் தொலைக்காட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

நிகழ்ச்சியை நடத்தும் அதிகாரி நாற்காலியில் சுழன்றபடி கேட்டார்.

"முகம்தான் தெரியலையேம்மா? வேணும்னா அடியில ஒரு வரி வருத்தம் ஓட விடுறோம்."

"என் நடை என் தெருவுக்குத் தெரியாதா சார்? மேளம் அடிச்சுல்ல திருடி ஆக்கினீங்க. அதே நேரத்துல, அதே மேளத்தோட இல்லைன்னு சொல்லுங்க."

அவர் காவலாளியைக் கூப்பிட்டு அவளை வெளியே அனுப்பினார். அவள் அசரவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே காவல் நிலையம் போய், காட்சியில் தன் பக்கத்தில் நடந்துவந்த ஏட்டம்மாவைப் பிடித்தாள்.

ஏட்டம்மா பொரிந்து தள்ளிவிட்டார். "உங்க முகத்தையாவது மறைச்சாங்கக்கா, என் முகம் பளிச்னு தெரியுது! எங்க மாமியார் தினம் கேக்குறாங்க, 'ஒரே பொம்பளைய எத்தனை தடவ புடிப்ப? நடுவுல நீயே விட்டுடுறியா?'ன்னு. இதைக் கேளுங்க, இந்த வருஷம் எங்க ஸ்டேஷன்ல திருட்டு கேஸே கம்மி. பயம்தான் ஜாஸ்தி."

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கி, சாவியக்காவோடு சீருடையிலேயே தொலைக்காட்சி அலுவலகத்துக்கு வந்தார். சுழன்ற நாற்காலி சட்டென்று நின்றது. "சார், இதுல எந்தக் கைதை நான் செஞ்சேன்? சொல்லுங்க, கோர்ட்டுலயும் அதையே சொல்லலாம்" என்றார் ஏட்டம்மா, ரொம்ப மரியாதையாக. அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. அன்று சாயங்கால நிகழ்ச்சியிலேயே, மேளத்தோடு மறுப்புச் சொல்லிவிடலாம் என்றார்.

"முகத்தை மறைச்சிடலாமாம்மா?" என்று ஒப்பனைக்காரப் பெண் கேட்டாள்.

"மறைச்சதெல்லாம் போதும். நல்லா வெளிச்சம் போடச் சொல்லு."

மேளம் முழங்க, பச்சைப் பையோடு சாவியக்கா அரங்கின் படியில் இறங்கி வந்தாள். "நான் திருடி இல்லைங்க. திருடன் பூட்டிட்டுப் போன கதவைத் திறந்தவ" என்றாள். அறிவிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். திருட்டு குறைந்திருப்பதை ஏட்டம்மா சொன்னபோது, அந்த நிகழ்ச்சியில் முதல் தடவையாக அறிவிப்பாளர் அலறாமல் பேசினார்.

வீட்டில் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துத் தெரு முழுக்கக் கேட்க வைத்திருந்தார். அவள் ஆட்டோவை விட்டு இறங்கியபோது வாசலில் சின்னக் கூட்டம். ஆளாளுக்குக் கையில் மாட்டாத பூட்டும் பிரிக்காத பெட்டியுமாக நின்றார்கள். முன்னால் நின்றது டீச்சரம்மா. வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் நீட்டினாள்.

சாவியக்கா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தள்ளாதீங்க, எல்லார் வீட்டுக்கும் வர்றேன்" என்றாள். "இன்னைக்கு என்னைப் புடிக்க ஆளில்லை!"