கம்பாலா போனவள்

எங்கள் ஊர் சொரோட்டியில் அகிரோரின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர் கிடையாது. மாலையானால் உள்ளூர் வானொலியில் ஊர்ச் செய்தி வாசிப்பது அவள்தான். எந்தத் தெருவில் என்ன கடை திறக்கிறது, சந்தையில் நிலக்கடலை என்ன விலைக்குப் போகிறது, எந்தத் தேவாலயத்துக்குக் கூரை போட நிதி திரட்டுகிறார்கள், யார் இறந்தார்கள், அடக்கம் எங்கே, எல்லாம் அவள் வாயால் வரவேண்டும். வரவில்லையென்றால் அது நடக்கவே இல்லை என்கிற மாதிரி ஊர் பேசும்.

நானும் அவளும் ஒரே வளவில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். எனக்குச் சந்தையில் பழைய துணி வியாபாரம். அவளோடு கடைத்தெருவுக்குப் போவதென்றால் எனக்குப் பாதி நாள் போய்விடும். வறுத்த மரவள்ளி வாங்க வாய் திறப்பாள். உடனே பக்கத்தில் நிற்பவன் திரும்புவான். "அட, அகிரோரா! நம்ம சலூனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடேன்." கழிப்பறை வாசலில் காத்து நின்றாலும் விடமாட்டார்கள். அவளும் யார் பேச்சையும் தட்டியதில்லை. சரி, சரி என்று தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவள் அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குழியருகே நின்றேன். வியாபாரிகள் சங்கத் தலைவர் எகாவு வந்தார். ஊரில் பெரிய இரும்புக்கடை அவருடையது. தொப்பியைக் கழற்றி, அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் துக்கம் விசாரித்தார். பிறகு கையை விடாமலே குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குப் புது பெயின்ட் சரக்கு வருது. நீ துக்கத்துல இருக்கே, தெரியும். ஆனா நாளைக்குத்தான் வருது."

அடுத்த நாள் அவள் அதை வாசித்தாள். அன்றைக்குத்தான், "மார்த்தா, நான் இந்த ஊரை விட்டுப் போயிடணும்" என்று முதல் தடவையாக என்னிடம் சொன்னாள்.

அதற்கு வழியும் கிடைத்தது. கம்பாலாவில் ஒரு வானொலி நிலையத்தார் எங்கள் பாஷையில் தினமும் ஒரு மணி நேரம் நடத்தப் போகிறோம் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஊரே அவளை வழியனுப்பக் கிளம்பிவிட்டது. சனிக்கிழமை சங்கத்துக் கூடத்தில் ஆடு வெட்டினார்கள். பெரிய பானையில் கேழ்வரகுக் கள் நடுவில் இருக்க, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல்களால் உறிஞ்சினார்கள். எகாவு எழுந்து பேசினார். "நம்ம பொண்ணு தலைநகருக்குப் போகுது. அங்க போய் நம்ம கடைகளை மறந்துடக் கூடாது!" எல்லோரும் சிரித்தார்கள். சங்கத்தின் சார்பில் சக்கரம் வைத்த பெரிய சிவப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பேருந்து நிலையத்தில் தேவாலயப் பாடகர் குழு பாடி அனுப்பி வைத்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். அத்தனை சந்தோஷமான முகத்தோடு அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. நான் அடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கதவை யாரோ நகத்தால் சுரண்டுவது போலக் கேட்டது. திறந்தேன். தலைமுதல் முழங்கால்வரை போர்த்திக்கொண்டு, சிவப்புப் பெட்டியோடு, சொட்டச் சொட்ட நனைந்து அகிரோர் நின்றாள்.

"என்னக்கா, பஸ்ஸை விட்டுட்டியா?"

"பஸ்ஸை விடல. வேலைதான் போச்சு" என்று கிசுகிசுத்தாள்.

பேருந்து வழியில் ம்பாலே ஊரில் நின்றிருந்தபோது கைபேசி அடித்திருக்கிறது. கம்பாலாவிலிருந்து. நிலையத்தை வேறொருவர் வாங்கிவிட்டாராம், இனி முழுநேரமும் பாட்டுதானாம், வரவேண்டாம் என்றார்களாம். அங்கேயே இறங்கி, ஊர் திரும்பும் வேன் ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நடத்துநர் எங்கே இறங்கணும் என்று கேட்டபோதும் பேசவில்லை. பேசினால் தெரிந்துவிடும். ஊமை போலப் பணத்தை நீட்டியிருக்கிறாள்.

"கொஞ்ச நாள் என்னை மறைச்சு வை மார்த்தா. அதுக்குள்ள போன்லயே வேற எங்கயாவது கேட்டுப் பார்க்கிறேன்."

"எதுக்குக்கா மறையணும்? நீ என்ன திருடினியா?"

"ஆட்டை வெட்டித் தின்னு அனுப்பின ஊரு. ரெண்டாம் நாளே தெருவுல நடந்தா எந்த மூஞ்சியோட நடப்பேன்?"

அவள் அறைக்கு மாத முடிவுவரை வாடகை கட்டியிருந்தது. சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதனால் அவளை அவள் அறைக்குள்ளேயே விட்டு, வெளியே பூட்டினேன். தினமும் சந்தைக்குப் போகுமுன் கேழ்வரகுக் களியும் கடலைக் குழம்பும் உள்ளே வைத்துவிட்டுப் பூட்டுவேன். வெளியூர் போனவளின் அறை அப்படித்தானே இருக்கவேண்டும். விடியுமுன் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை, போர்த்திக்கொண்டு பின்பக்கம் போய்வருவாள். ஜன்னலைத் திறக்க முடியாது. மதியத்தில் தகரக் கூரை கொதிக்கும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வாள். வளவில் மற்ற பெண்கள் துணி துவைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசுவதையெல்லாம் சுவருக்கு உள்பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். "இந்நேரம் கம்பாலாவுல மாடி வீட்டுல இருப்பா, நம்மள எல்லாம் ஞாபகம் வச்சுக்குவாளா?" என்றாளாம் ஒருத்தி.

வேலை கேட்டுப் பேசுவதும் போர்வைக்குள்தான். ஒரு நிலையத்தில், "குரலே வரலையேம்மா, தொண்டைக்கு உடம்பு சரியில்லையா? குணமானதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்கள். குரலை வைத்துப் பிழைப்பவள், குரலைத் திறந்து காட்ட முடியவில்லை.

மாலையில் நான் வந்ததும் வானொலியை மெல்ல வைத்துக் கேட்போம். அவள் இடத்துக்கு ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். ஒருநாள் நிலையத்து மேலாளர் ஒலுப்போட் தானே வந்து பேசினார். "நேயர்களே, நம்ம அகிரோர் இப்பத்தான் கம்பாலாவுல இருந்து போன் பண்ணிச்சு. நல்லா இருக்காம். உங்க எல்லாருக்கும் வணக்கம் சொல்லச் சொல்லிச்சு." அகிரோரின் கைபேசி அவள் மடியில்தான் கிடந்தது. அதற்குப் பிறகு எகாவு கடை விளம்பரம் வந்தது. அது பழைய பதிவு. அவள் குரல் கணீரென்று அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து சிரித்துக்கொண்டே ஆணி, கம்பி, தகரம் என்று விலை சொன்னது. அவள் கையை நீட்டி வானொலியை நிறுத்தினாள்.

"என் குரல் மட்டும் எங்கே வேணும்னாலும் போகுது பார்" என்றாள்.

நாளாக ஆக எனக்கே பயமாக இருந்தது. களி அப்படியே மீந்திருக்கும். பூட்டைத் திறக்கும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டாள். "போதும்க்கா, வெளிய வந்துடு. சிரிச்சா சிரிக்கட்டும்" என்றேன். "நாளைக்கு" என்பாள். மறுநாளும் அதையேதான் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி வந்தாள். அவளோடு எகாவு.

"மார்த்தா, அகிரோர் அறையைத் திற. அவருக்குச் சரக்கு வைக்க எடம் வேணுமாம். பார்க்கணும்."

நான் இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டேன். "சாவி எங்கயோ விழுந்துடுச்சும்மா. தேடி வைக்கிறேன், நாளைக்கு வாங்க."

"இதுக்குப் போய் நாளைக்கா? பூட்டு நம்ம கடைப் பூட்டுதானே, ஒரு தட்டுல திறந்துக்கும். புதுசு நான் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே எகாவு சுற்றும்முற்றும் பார்த்தார். கடலை இடிக்கும் கல் கிடந்தது. எடுத்தார்.

"ஐயா, வேண்டாம்!" என்றேன். அவர் கையை ஓங்கிவிட்டார்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. கிசுகிசுப்பு இல்லை. மாலைச் செய்தியில் வருகிற அதே குரல்.

"உடைக்காதீங்க. ஆள் இருக்கேன்."

எகாவு கல்லோடு அப்படியே நின்றார். வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்து, "உள்ள ரேடியோவை யாரு போட்டு வச்சது?" என்றார்.

நான் இடுப்புத் துணியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தேன். உள்ளேயிருந்து வெக்கையும் புழுக்க நாற்றமும் முகத்தில் அடித்தன. அகிரோர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். நடந்ததை அவளே சொன்னாள். ஒன்றும் குறைக்கவில்லை. சொல்லும்போது அவள் பார்வை தரையிலேயே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எகாவு மெதுவாகச் சிவப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ நீ போகவே இல்லை."

"இல்லை ஐயா."

இனி கத்துவார், அல்லது சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது. "கடவுளுக்கு நன்றி! அந்தப் பையன் என் பேரையே ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கிறான். சனிக்கிழமை என் சிமெண்டுக் கிடங்கு திறப்பு. நீ வந்து சொல்லிடு. என்ன?"

அகிரோர் என்னைப் பார்த்தாள்.

"சரிங்க ஐயா" என்றாள்.

அன்று மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் பயந்தது போல யாரும் ஏளனம் செய்யவில்லை. பொடிப் பிள்ளைகள் மட்டும் "கம்பாலா, கம்பாலா!" என்று பின்னால் கத்தினார்கள். மற்றவர்களெல்லாம் சந்தோஷப்பட்டார்கள். மீன்காரி அவளைக் கட்டிப்பிடித்து, "நல்ல வேளை, அந்த வேலை போச்சு" என்றாள். சலூன்காரன் இலவசமாகத் தலை பின்னிவிட்டான். அடுத்த ஞாயிறு போதகர், நம் சகோதரியை நம்மிடமே திருப்பித் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் என்றது. "கிடைக்காமப் போச்சே, பாவம்" என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் சொல்லவில்லை. பக்கத்தில் அவள் முழங்காலிட்டிருந்தாள். தோள் குலுங்கியது. எங்களுக்குப் பின்னாலிருந்த கிழவர், "சந்தோஷத்துல அழுவுது" என்று தன் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஒலுப்போட் மாலைச் செய்தியைத் திருப்பித் தரவில்லை. பையன் குறைந்த சம்பளத்துக்கு வருகிறானே. காலையில் மரண அறிவிப்பு மட்டும் அவளுக்கு. மற்ற நேரத்துக்கு எகாவு தன் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்திருக்கிறார். முன் இருக்கையில் உட்கார்ந்து கடைத் திறப்பு, கல்யாணம், கால்பந்துப் போட்டி எல்லாவற்றையும் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். குரல் முன்பு போலவே கணீரென்றிருக்கிறது.

போன மாதம் ஒரு மாலை, வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம். "வேற ஊர் ரேடியோவுல, குலுவுல கேட்டுப் பார்த்தியாக்கா? அரூவாவுல?" என்றேன்.

"அங்கெல்லாம் வேற பாஷை மார்த்தா. எனக்குத் தெரிஞ்சது இந்தப் பேச்சு ஒண்ணுதான். இதைக் கேட்கிறவங்க இங்கதான் இருக்காங்க." கையிலிருந்த கடலையை உரித்துப் போட்டாள். "துணி வியாபாரம் கஷ்டமா?"

"பேரம் பேசணும். நாள் பூரா பேசணும்."

"அப்போ வேண்டாம்" என்று சிரித்தாள். வெளியே வந்தபிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

முற்றத்து அந்தக் கோடியிலிருந்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். "அகிரோர்! என் பேரனுக்கு ஞானஸ்நானம் வருதுடி. நல்லா நாலு வார்த்தை சொல்லணும், இங்க வந்து கேட்டுக்கோ!"

அகிரோர் மடியிலிருந்த தொலியை உதறிவிட்டு எழுந்து போனாள்.