செமோர் கோயிலின் சிலைத் திருடன்

மலேசியாவில் செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தோடு மறைந்துபோன மாரியம்மன் கோயிலைப் பற்றி ஈப்போ நகர மண்டபம் ஒன்றில் பேசினேன். கூட்டம் தூங்கி வழிந்தது. சுவை கூட்ட நினைத்து, "கோயிலை இடிக்கும் முன்பே பூசாரி சிலையைத் திருடிவிட்டார்" என்றேன். ஊர்ப்பேச்சுதான் ஆதாரம்.

ஒரு பெண் எழுந்தார். "அண்ணே, அவரு எங்க அப்பா. நீங்க பார்த்தீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"அம்மன் சிலை மேல புல்டோசர் ஏறக்கூடாதுன்னு, சூடம் காட்டி ஈயம் தோண்டுன பழைய குட்டைத் தண்ணியில இறக்குனாரு. சாகுற வரைக்கும் திருடன்னாங்க. இப்ப நீங்களுமா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. "அவர் திருடவில்லை. நான் விசாரிக்காமல் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "பேரச் சொல்லி சொல்லுங்க லா."

இருபது பக்கக் குறிப்பில் பூசாரியின் பெயரை மட்டும் நான் எழுதிவைத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.