மாதம் இரண்டு சுற்று

பனிக்கால ஞாயிறுகளில் கடைசி ஞானப்பாட்டு தொடங்கியதும் ஆர்வில் டெட்வைலர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடுவார். சிகரெட் பிடிக்கத்தான் ஓடுகிறார் என்று ஊரே நினைத்தது. "பரலோகத்துலயும் கடைசிப் பாட்டு உண்டு ஆர்வில், அங்கேயும் இப்படித்தான் நழுவுவீரா?" என்று போதகரே கேட்டிருக்கிறார். ஆர்வில் சிரித்துக்கொண்டு தொப்பியைத் திருகுவார்.

மாடத்தில் ஆர்கன் வாசிக்கும் லொரேன் கெஸ்லருக்கு மட்டும் உண்மை தெரியும். பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார்கள் நிற்கும் இடம் தெரியும். விதவைகளின் கார்களாகத் தேடித் தேடி, முன் கண்ணாடியில் உறைந்த பனியை ஆர்வில் சுரண்டிக்கொண்டிருப்பார். ஆமென் சொல்வதற்குள் கடைசி பெஞ்சில் வந்து நின்றுவிடுவார். லொரேன் இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவன் இறந்தபின், எண்பத்திரண்டு டிசம்பரில், கிளட்ச் இல்லாத அவளுடைய சின்னக் காரும் அந்த வரிசையில் சேர்ந்தது.

கணவன் வால்ட் விட்டுப்போனவற்றில் அவள் மனம் ஒன்றைத்தான் பற்றிக்கொண்டது. கொட்டகையில் நின்ற பச்சை எம்.ஜி. கார். எழுபதாம் வருடத்து வண்டி, இரண்டே இருக்கை. கூரையைத் திறந்துவிட்டுச் சோளக்காட்டுச் சாலைகளில் இருவரும் சுற்றாத கோடைகாலம் இல்லை. ஆனால் வால்ட்தான் ஓட்டுவார். லொரேனின் இடது முழங்கால் மடங்காது. கிளட்சை மிதிக்க முடியாது. ஓடாத கார் நின்ற இடத்திலேயே துருவாகிவிடும்.

"வித்துடுங்க லொரேன், நான் நல்லா பாத்துக்கறேன்" என்று வால்டின் கூட்டாளி டுவேன் இரண்டு தடவை வந்துவிட்டார்.

தீவன ஆலைக்குப் பின்னால் ஆர்விலின் பட்டறை. லொரேன் அங்கே போனாள்.

"கிளட்ச் இல்லாம மாத்த முடியுமா ஆர்வில்?"

"முடியும். ஆனா எஞ்சினையும் சேர்த்தே மாத்தணும். மரம் விழுந்து நசுங்கின பியூக் கார் ஒண்ணு என்கிட்ட கிடக்கு. அலுமினிய எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ரெண்டும் முத்து மாதிரி இருக்கு."

"அப்போ சத்தம்?"

ஆர்வில் கையைத் துடைத்தார். "சத்தம் மாறிடும், லொரேன்."

பன்னிரண்டு வருடம், மாலை ஐந்தரைக்கு மில் தெரு முனையில் அந்தக் கரகரப்பு கேட்டதும் அவள் உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து இறக்குவாள். அதுவும் போனால் வால்ட் இரண்டாம் முறை போனதுபோல் ஆகிவிடும். விற்றாலோ காரும் போகும், சத்தமும் போகும். ஒரு வாரம் ஜெபித்துவிட்டு, சரி என்றாள்.

கழற்றுவதற்கு முந்தின மாலை ஆர்வில் வந்தார். "ஏறுங்க. ஒரு சுத்து." மில் தெரு முனையில், வால்ட் கியரை இறக்கும் அதே இடத்தில் அவரும் இறக்கினார். லொரேன் கண்ணை மூடிக் கேட்டாள்.

டோனட் கடையில் டுவேன் விடவில்லை. "யோவ் ஆர்வில், ராஜகுமாரிக்கு லாரிக்காரன் இருதயத்தை வைக்கிறியாமே! எட்டு சிலிண்டர்! மூக்கு தரையில இடிக்கப்போவுது, பாரு."

மறுநாள் ஆர்வில் இரண்டு எஞ்சினையும் தீவன ஆலைத் தராசில் ஏற்றினார். புதியது இருபது பவுண்டு குறைவு. எடைச்சீட்டைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். "தராசு பழசு" என்று சொல்லி டுவேன் இன்னொரு டோனட் வாங்கினார்.

உள்ளே இடம் போதாமல் புகைக்குழாயை மட்டும் மூன்று தடவை வளைத்தார் ஆர்வில். ஏப்ரலில் கார் வாசலுக்கு வந்தது. லொரேன் பழக்கதோஷத்தில், வால்ட் ஓட்டும்போது தான் உட்காரும் வலப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம் இல்ல. இனிமே நீங்கதான் டிரைவர்."

தெருமுனைவரை போய்த் திரும்பினாள். கார் வெண்ணெய் போல ஓடியது. நிறுத்தியதும் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். "நல்லாத்தான் ஓடுது ஆர்வில். ஆனா வீட்டுக்கு யாரோ வேத்தாள் வந்த மாதிரி இருக்கு."

ஆர்வில் கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே ஓர் இரும்புத் தாங்கியில், போர்த்திய துணிக்குக் கீழே, வால்டின் எஞ்சின். முந்தின நாளே அவள் அறியாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"வண்டியில ஒரு தகட்டைக்கூட வெட்டல. என்னைக்கு வேணும்னு சொன்னாலும் இது பழைய இடத்துல உக்காந்துரும். ஆனா சும்மா போட்டா உள்ளுக்குள்ள இறுகிப் பிடிச்சுக்கும். மாசம் ஒரு தடவை, பிளக் கழட்டின ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு சொட்டு எண்ணெய், அப்புறம் ரெண்டு சுத்து." நீளக் கைப்பிடி ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். "திருப்புங்க."

முதலில் அசையவில்லை. பிறகு மெல்லச் சுற்றி, ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று காற்றை விட்டது.

"வால்ட் சாப்பிட்டு எழுந்திரிக்கும்போது இப்படித்தான்!" என்றாள் லொரேன். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அதன்பின் பன்னிரண்டு கோடைகாலம் அந்தப் பச்சைக் காரை அவளே ஓட்டினாள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கோயில் உடுப்போடே கொட்டகைக்குப் போய் ஸ்பேனரை எடுப்பாள். புதுச் சத்தமும் நாளடைவில் அவளுடையதாகிவிட்டது. "லொரேன் வர்றாங்க" என்று டுவேனே காபியை வைத்துவிட்டு எழுந்து பார்ப்பார்.

தொண்ணூற்று நான்கு நவம்பரில், மூச்சுத்திணறல் முற்றி, ஆர்வில் அரிசோனாவில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். காலையில் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தால் அவருடைய பிக்கப் வண்டியின் கண்ணாடியில் ஒரு பொட்டுப் பனி இல்லை. பக்கத்தில் லொரேன், கையுறையெல்லாம் நனைந்து நின்றாள்.

ஆர்வில் கண்ணாடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொப்பியைத் திருகினார். அவர்கள் சந்தித்தது அதுவே கடைசி.

"வர்ற ஞாயித்துக்கிழமை முதல் ஞாயிறு, லொரேன்" என்றார். "கடிகாரம் சுத்துற பக்கமாத்தான். எதிர்ப்பக்கம் திருப்பிடாதீங்க."