அக்கா அடித்த வரி

நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து நான் எழுதும் கதைகளுக்கு, மந்தாரக்குப்பத்தில் எனக்குத் துணி தைத்துக்கொடுக்கும் தையல் கடை அக்காதான் முதல் வாசகி. போன மாதம் கொடுத்த கதை, கணவனை விட்டுவிட்டு நெல்லிக்குப்பத்திலிருந்து கிளம்பி வந்த ஒரு பெண்ணைப் பற்றியது. அது அவருடைய கதைதான். எழுதப்போவதாக நான் அவரிடம் சொல்லவில்லை.

மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் முகம் மாறியது.

சட்டென்று பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தார். வழியெல்லாம் அவள் அழுததாக நான் எழுதியிருந்த வரி.

"நான் அழலைங்க. பஸ்ல முறுக்கு தின்னுகினு வந்தேன்."

"கேட்காம எழுதிட்டேன்க்கா. வேணாம்னா கிழிச்சிடறேன்."

"கேட்டிருந்தா இதையும் சொல்லியிருப்பேன்" என்றார். குரலில் கோபம் குறையவில்லை. "கிழிக்காதீங்க. சரியா எழுதி பத்திரிகைக்கு அனுப்புங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்.