சகலை கேட்ட உடை யோசனை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனைக் கடைக்குப் பேப்பர் வாங்கப் போகும்போதும் நான் கோட்டும் டையும் அணிந்துதான் போவேன். இங்கு வந்த முதல் குளிர்காலத்தில், எதிர்வீட்டு மிஸ்டர் பார்க்கர் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார், தொப்பியைக் கழற்றினார், "ஃபியூனரல்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர்களுடைய உச்சரிப்பு அப்போது எனக்குப் பிடிபடவில்லை. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, "யெஸ், நியூஸ்பேப்பர்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றார். அன்று மாலை அவர் மனைவி ஒரு கேக்கைக் கொண்டுவந்து என் மனைவி பிலோமியிடம் கொடுத்து, அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் செத்தது யார் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேக் நன்றாக இருந்தது.

இந்த நாட்டில் பணக்காரன் சனிக்கிழமை கிழிந்த ஸ்வெட்டர் போடுவான். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நம் ஊரிலிருந்து வந்தவன் அதையே போட்டால் பிச்சைக்காரன். ஆகவே இங்கே வர நினைக்கும் தம்பிமார்களுக்கு நான் அறிந்ததைச் சொல்லிவைக்கிறேன். கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடாதீர்கள். கறுப்பு ஷூவுக்கு வெள்ளைக் காலுறை ஆகாது. டையின் நுனி பெல்ட்டின் பக்கிளைத் தொட்டால் போதும், அதற்குக் கீழே தொங்கினால் சிறுபிள்ளைத்தனம். டை கட்டாத நாளில் சட்டைக்காலரைக் கோட்டுக்கு வெளியே எடுத்து விரித்துவிடாதீர்கள், சினிமாக்காரர்கள் செய்துகொள்ளட்டும். அழைப்பிதழில் என்ன உடை என்று போட்டிருந்தால், அந்தச் சொல்லுக்கு அகராதியைப் பார்க்காதீர்கள், அந்த வீட்டுக்கு முன்பு போய்வந்தவனைக் கேளுங்கள். இந்தப் பாடங்களையெல்லாம் எனக்கு ஆசை கற்பிக்கவில்லை. வன்மம் கற்பித்தது. அந்த வன்மத்தின் பெயர் கஸ்பார். என் மனைவியின் அக்காள் ரெஜினாவைக் கட்டியவன், முறைக்கு எனக்குச் சகலை.

தூத்துக்குடியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். கீழவைப்பாரிலிருந்து வந்து வாடகை அறையில் இருந்தேன். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை கோட்டு சூட்டில்தான் கோயிலுக்கு வரவேண்டும். நான் வெள்ளைச் சட்டையும் பட்டு வேட்டியும் போதும் என்றிருந்தேன். கஸ்பார் துறைமுகத்தில் அதிகாரி. டெரிலின் சட்டை, சாம்பல்நிறப் பேண்ட், மூக்குக்கண்ணாடிக்கு வெள்ளி ஃபிரேம் என்று நடமாடியவன். அவன் என் அறைக்கே வந்தான்.

"வேட்டியக் கட்டிக்கிட்டு பீடத்துக்கு முன்னால நிக்கப் போறியளா, சகல? நம்ம மாமனாருக்கு அது கேவலம்லா. கோட்டுக்கு நான் பொறுப்பு. கப்பல்காரன் ஒருத்தன்ட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிரவுன் தாளில் சுற்றி ஒரு கோட்டைக் கொண்டுவந்தான். கருநீலம், நல்ல கம்பளித் துணி. இடுப்பில் சற்றுப் பிடித்து, கீழே லேசாக விரிந்திருந்தது. அதுவரை நான் கோட்டே போட்டதில்லை. பொத்தான் போடக் கை தடுமாறியது. சட்டைக்குப் போடுவதுபோல் வரவில்லை. "கோட்டுக்கு அப்படித்தான்" என்று சொல்லி, கஸ்பார் தன் கையாலேயே எனக்குப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்து, "ஜம்முன்னு இருக்கிய" என்றான்.

மறுநாள் பூசை முடிந்தது. மாலையில் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட ஹாலில் ரிசப்ஷன். மணமக்களை வாழ்த்திப் பேச கஸ்பார் மைக்கைப் பிடித்தான். ஒலிபெருக்கி வெளியே தெருவிலும் கட்டியிருந்தது. எங்களை வாழ்த்தினான், மாமனாரைப் புகழ்ந்தான். பிறகு, "எல்லாரும் மாப்பிள்ளையோட கோட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றான். "ஆம்பளக் கோட்டுல பொத்தான் வலப்பக்கம் இருக்கும். நம்ம மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் இருக்கு? பொம்பளக் கோட்டப் போட்டுக்கிட்டு வந்து எங்க கொழுந்தியாளக் கட்டிட்டாரே, பாவி மனுசன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஆண்கள் குனிந்து தங்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற பிலோமி சிரிக்கவில்லை. கையிலிருந்த பூச்செண்டை என் மார்போடு சேர்த்துப் பிடித்துப் பொத்தான்களை மறைத்தாள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். கோட்டைக் கழற்றவும் முடியவில்லை, உள்ளே சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து நான் 'லேடீஸ் கோட்டு மிக்கேல்'. ஏஜென்சி மானேஜருக்கு நான் அதுதான். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் அதுதான். ஏரல் சந்தையில் முன்பின் பார்த்திராத வாழைக்காய் வியாபாரி, "அண்ணாச்சி, அந்தக் கோட்டு நீங்கதானா?" என்று கேட்டான். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, தொட்டிப் பக்கம் நின்ற யாரோ, "பிள்ளைக்குத் தனியா கோட்டு தைக்க வேண்டியதில்ல, அப்பா கோட்டே போதும்" என்றான். அன்று முடிவுசெய்தேன். இந்த வெள்ளைக்கார நாட்டில், டில்பரி துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்ததும் கிளம்பினேன். நான் பஞ்சம் பிழைக்க வந்தவன் இல்லை. ஒரு பட்டப்பெயரிலிருந்து ஓடிவந்தவன்.

ஓடிவந்தேனே தவிர அதை விட்டுவரவில்லை. இங்கே ரயிலிலும் அலுவலகத்திலும் ஆண்களின் உடையை, களவாடப் போகிறவன் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். எந்தக் கூட்டத்துக்கு எந்தத் துணி, எந்த நேரத்துக்கு எந்த நிறம். தவறியும் இருக்கிறேன். 'இன்ஃபார்மல்' என்று போட்டிருந்த கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றுக்கு ஸ்வெட்டரோடு போய், ஜன்னல் வழியாக உள்ளே இருந்தவர்களைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே திரும்பி ஓடினேன். இன்ஃபார்மல் என்றால் சாதாரண உடை இல்லையாம். வால்கோட்டும் வேண்டாம், கறுப்பு போ-டையும் வேண்டாம், ஆனால் சூட்டும் டையும் கட்டாயம். பழைய தலைமுறை வெள்ளைக்காரர்களின் கணக்கு அது. ஒவ்வொரு பாடத்தைக் கற்கும்போதும் கஸ்பாரின் முகத்தை மனதில் நிறுத்திக்கொண்டேன். ஒருநாள் அவன் என்னிடம் வந்து மாட்டுவான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மாட்டினான். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த பிறகு, பயிற்சிக்கென்று சில அதிகாரிகளை இங்கே அனுப்பினார்கள். அதில் கஸ்பாரும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மக்ரூன் டப்பாவும் சீலாக் கருவாடும் கொண்டுவந்திருந்தான். மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். எங்கள் கம்பெனி டைரக்டர் மிஸ்டர் வில்கின்ஸ் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் விருந்தின் அழைப்பிதழ். தமிழ் பேசுகிறவன் என்பதால் எனக்கும் ஒன்று வந்திருந்தது.

"கீழ இன்ஃபார்மல்னு அடிச்சிருக்கான். என்ன போட்டுக்கிட்டுப் போகணும், சகல? நீங்க இங்கன இருக்கிற ஆளு" என்றான்.

'வீட்ல இருக்கிற மாதிரி வாங்க' என்ற வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று அடுக்களைக்குப் போனேன், அந்த இன்பத்தைக் கொஞ்சம் நீட்டிக்கலாம் என்று. பிலோமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"கேட்டதுக்குப் பதில்."

"அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால நின்னது நீங்க மட்டுமா? பக்கத்துல நின்னவ நான். இனி எங்க அக்கா ஊருல அப்படி நிக்கணுமாக்கும்? உள்ளதச் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன்."

பற்களைக் கடித்துக்கொண்டு திரும்பிவந்தேன். "அண்ணாச்சி, இந்த ஊர்ல இன்ஃபார்மல்னா கோட்டு சூட்டு, டை, கறுப்பு ஷூ. இதுதான். உங்கட்ட இல்லன்னா என் கோட்டு ஒண்ணு தாரேன், உங்களுக்குச் சரியா இருக்கும்" என்றேன். அலமாரியிலிருந்து எடுத்தும் கொடுத்தேன்.

கஸ்பார் கோட்டை வாங்கினான். போட்டுப் பார்க்கவில்லை. முதலில் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு, எல்லாம் புரிந்துவிட்டதுபோல் சிரித்தான்.

"சகல, நீங்க இன்னும் மறக்கல" என்று சொல்லிக் கோட்டை நாற்காலியில் வைத்தான். "எனக்கும் இங்கிலீஷ் தெரியும். இன்ஃபார்மல்னு அடிச்சவன் சூட்டுல வான்னா சொல்லுதான்? எல்லாரும் சாதாரணமா வந்திருக்கும்போது நான் மட்டும் கோட்டும் டையுமா வந்து நிக்கணும், நீங்க பாத்துச் சிரிக்கணும். அதான?"

உள்ளதைத்தான் சொல்கிறேன் என்று நான் ஒருமுறை சொன்னேன். பிலோமியும், "அவரு உள்ளதத்தான் சொல்லுதாரு, அத்தான்" என்றாள். புருசனும் பெண்டாட்டியும் பேசிவைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவன் கண்ணில் தெரிந்தது. இரண்டாம் முறை நான் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விருந்து ஒரு ஹோட்டலில். ஹால் முழுவதும் கருநீலமும் கறுப்பும் சாம்பலும். கொச்சியிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள்கூடச் சூட்டில் இருந்தார்கள். நானும் பிலோமியும் உட்கார்ந்து சிறிது நேரம் ஆகியும் கஸ்பாரைக் காணவில்லை. மூலையில் நாலு பேர் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மட்டும் பூப்போட்ட சட்டை போட்டிருந்தார்கள். பார்த்தால், டிரம்முக்கும் பியானோவுக்கும் நடுவில் கஸ்பார் நின்றுகொண்டிருந்தான். செம்பருத்திப் பூப்போட்ட புஷ் ஷர்ட், தோளைத் தொடும் காலர், கடுகுநிற பெல்பாட்டம், காலில் தோல் செருப்பு. வாசலில் இருந்தவன் அவனை வாத்தியக்காரன் என்று நினைத்து, சமையல்கட்டு வழியாகக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே விட்டிருக்கிறான். அவன் அழைப்பிதழைக் காட்டியிருக்கிறான். அதையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெரி குட், திஸ் வே" என்றானாம்.

மிஸ்டர் வில்கின்ஸ் என் பக்கம் குனிந்தார். "உங்கள் நண்பர் நமக்காகப் பாடப்போகிறாரா?" என்று உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார்.

"பாட்டு தெரியாது, சார். ஆனால் மைக்கில் நன்றாகப் பேசுவார்" என்றேன்.

நல்ல மனிதர் வில்கின்ஸ். எழுந்து கைதட்டி, இந்தியாவிலிருந்து வந்த நம் விருந்தினர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார். கஸ்பார் மைக்குக்கு முன்னால் வந்தான். அத்தனை கறுப்புக் கோட்டுகளும் அவன் பக்கம் திரும்பின. யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் சிரிக்கமாட்டார்கள். அவனுடைய சட்டையைப் பார்க்காதது போலவே, அவன் நெற்றிக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு புன்னகையோடு காத்திருந்தார்கள். அவன் கை காலரைத் தேடிப் போயிற்று, பிறகு வயிற்றுப் பக்கம் வந்தது, எதை மறைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. "குட் ஈவ்னிங்" என்றான். அதற்குமேல் வரவில்லை. பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கும்வரை. அத்தனை வருடத்தில் எனக்குச் சோறு அவ்வளவு ருசித்த நாள் அது ஒன்றுதான்.

பிலோமி மட்டும் எழுந்துபோய், அவன் முழங்கையைத் தொட்டு அழைத்துவந்து தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், "உடுப்பு விசயத்துல நீங்க உள்ளதச் சொன்னீங்க. மைக்கு உங்க வேல" என்றாள்.

கஸ்பார் ஊருக்குப் போனான். மிக்கேல் திட்டம்போட்டுத் தன்னை ஏமாற்றிவிட்டான், புஷ் ஷர்ட்டில் வரச் சொல்லிவிட்டு அவன் மட்டும் சூட்டில் வந்தான் என்று எல்லோரிடமும் சொன்னான். அடுத்த கோடையில் நாங்கள் லீவில் போனபோது, பீச் ரோட்டில் டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்தார். "இத்தன வருசம் பொறுத்திருந்து போட்டியள பாருங்க அண்ணாச்சி, அதுதான் ஆம்பள" என்றார். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தியளா, இன்னும் விட்டுக்கொடுக்காம பேசுதாரு" என்றார் ஒருவர். என்னை லேடீஸ் கோட்டு என்று யாரும் கூப்பிடவில்லை. நான் சொல்லாத ஒரு பொய்தான் அந்தப் பெயரை அழித்தது. இரண்டாம் நாளிலிருந்து நான் மறுப்பதை நிறுத்திவிட்டேன். டில்பரியில் என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள். தூத்துக்குடியில் என்னிடம் பேச்சுக்கொடுக்கவே இப்போது பயப்படுகிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் எங்காவது சந்தித்து என்னைப் பற்றிப் பேசினால், ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

புறப்படும் நாளில் ஸ்டேஷனுக்குக் கஸ்பார் வந்தான். வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டான்.

"சகல, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு எனக்கு நல்லது செய்யணும்னு உள்ளதச் சொன்னியளா? இல்ல, உள்ளதச் சொன்னா நான் நம்பமாட்டேன்னு தெரிஞ்சே சொன்னியளா?"

அவன் அதைத் தன்னையே கேட்டுக்கேட்டுத் தூங்காமல் இருந்திருக்கிறான் என்று முகம் சொன்னது. எனக்குப் பதில் தெரியும்: இரண்டும் இல்லை, பிலோமி சொல்லவைத்தாள். சொல்லியிருந்தால் அவன் அன்றிரவே நிம்மதியாகத் தூங்கியிருப்பான். நான் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் படிந்திருந்த கரித்தூளைத் துடைத்தேன். வண்டி அசைந்தது. அவன் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தான், பிறகு விட்டுவிட்டான்.

எதிர் இருக்கையில் பிலோமி வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். நான் என்ஜினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால், எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் ஊர்தான். பிளாட்பாரம், அதில் நின்ற கஸ்பார், சரக்குக் கிட்டங்கிகள், வெயிலில் வெள்ளை வெள்ளையாக உப்பு. இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நான் போகவில்லை. போகிற ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, கடைசி உப்புக்குவியலும் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.